ஃபோர் வீல் வேண்டாம் என்று நான் பிடித்த பிடிவாதம்

கூடாரம் அடித்துத் தங்குகிற டிரெய்லர் ஒன்றை என் மகன் செல்வம் போன வருஷம் வாங்கினான். அதை இழுக்கப் பிக்கப் வாங்க வேண்டும். இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற டூ வீல் டிரைவ் போதுமா, நாலும் இழுக்கிற ஃபோர் வீல் வேண்டுமா என்று ஒரு மாதம் பேச்சு. வேலூரில் பட்டறை வைத்திருக்கும் என் மாப்பிள்ளை ஃபோர் வீல்தான் என்றார். அவர் சொன்னதாலேயே நான் வேண்டாம் என்றேன். பதினாலு வருஷத்துக்கு முன்னால் என் மகள் கல்யாணப் பந்தியில், என் அண்ணனைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டுத் தன் சிநேகிதர்களை உட்காரவைத்தவர் அவர். அண்ணன் இலையில் மீந்துபோன அரை அப்பளம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, ஒரு டூ வீல் பிக்கப்பை இரவல் வாங்கி, டிரெய்லரைக் கட்டி ஓட்டியே பார்ப்போம் என்று மார்கழி முதல் ஞாயிறு கிளம்பினோம். சந்தவாசலில் காலை ஆறு பத்து. போளூர் வழியாக ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்; எட்டரைக்கு ஜமுனாமரத்தூர். மலை வளைவுகளில் வண்டி முனகக்கூட இல்லை. "பார்த்தியாடா" என்று செல்வத்திடம் நாலு தரம் சொன்னேன்.

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் திரும்பி எட்டாவது கிலோமீட்டரில் ஒரு ஏற்றம். அறுத்த சாமைக் கதிரை ரோடு முழுக்கப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிச் சக்கரமே மிதித்து மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். எங்கள் ஊரிலும் அப்படித்தான். எதிரே பஸ் வர, செல்வம் கதிர்மேலேயே நிறுத்திவிட்டான். மறுபடி எடுத்தபோது பின்சக்கரம் வழுக்கிச் சுற்றியது. டிரெய்லர் பின்னால் சறுக்கி, ஓரத்தில் குவித்திருந்த சாமையைத் தள்ளிக்கொண்டு பள்ளத்து மண்ணில் இறங்கியது.

நான் இறங்கியதும் செய்த காரியம், குவியலுக்குச் சொந்தக்காரியைத் திட்டியது.

"ரோட்ல கொட்டி வெச்சா வண்டி எப்டிமா போவும்?"

என் வயதுதான் அவளுக்கும். "வண்டி போவட்டும்னுதான் கொட்டனோம். நிக்கிறதுக்கு இல்லியே" என்றாள். பிறகு மண்ணைப் பார்த்து, "பங்குனி வரிக்கும் இதான் சோறு" என்று மெதுவாகச் சொன்னாள்.



வந்த ஷேர் ஜீப்காரர் கயிறு கட்டினார். "இன்னாண்ணா, இவ்ளோ கனத்த டூ வீல்ல கட்டிக்கினு வந்தியா?" என்று செல்வத்தைக் கேட்டுவிட்டு, ஃபோர் வீல் கியரைப் போட்டு ஒரே இழுப்பில் மேலே ஏற்றினார். ஐந்நூறு ரூபாய் வாங்கினார்.

அவளிடம் ஆயிரம் நீட்டினேன். "துட்டு எனக்கு இன்னாத்துக்கு? மொறம் இருக்குது. ஒக்காந்து மண்ணு தள்ளிக் குடுத்துட்டுப் போ" என்றாள். சாயங்காலம் நாலரை வரைக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து புடைத்தேன். இரண்டு படி போல மட்டும் மண்ணோடு கலந்து தேறவே இல்லை. அதைக் கோழிக்குப் போட்டாள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெறும் வண்டி, தார் ரோடு என்றால் டூ வீல் போதும். பின்னால் டிரெய்லர் கட்டினால், மண்ணிலோ புல்லிலோ கூடாரம் போடுவதென்றால் ஃபோர் வீல் எடுங்கள். கதிர் பரப்பிய ஏற்றத்தில் எந்த வண்டியையும் நிறுத்தாதீர்கள், கீழேயே காத்திருங்கள்.

ஃபோர் வீலுக்குச் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளைக்குப் போன் போட முகமில்லை. பந்தி விஷயத்தை நான் மறக்கப்போவதும் இல்லை. ஆனால் வண்டி விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. செல்வம் இந்தப் பக்கத்தில் போடுவதையெல்லாம் அவர் படிக்கிறார் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் இங்கே எழுதினேன்.