கேட்டில் மாட்டிய பால் பை

போன வருடம் கோடை தொடங்கிய சமயம். பெங்களூரு காக்ஸ் டவுனில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் குடியிருந்த வீட்டில் நடந்தது இது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனையெல்லாம் இல்லை. எழுபதைத் தாண்டியவள், எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் மிஷினை மிதித்தே குடும்பத்தைக் கரை சேர்த்தவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் புனேயில் வேலை பார்க்கிறாள்.

அப்போது எனக்கும் மகளுக்கும் போனில் ஒரே வழக்கு. கனகபுரா ரோட்டுப் பக்கம், வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்றை அவள் பார்த்து வைத்திருந்தாள். சாப்பாடு அங்கேயே, டாக்டர் அங்கேயே, படிக்கட்டு கிடையாது. அவளோடு போய் இருக்கலாமே என்று கேட்பீர்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள்தான். அதோடு, புருஷன் பெண்டாட்டி இருவரும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். அந்த உயரமான அடுக்குமாடியிலும் பகலெல்லாம் நான் தனிதான்.

"ஒண்டியா இருக்கியேம்மா. ஒண்ணு ஆச்சுன்னா யாரு வருவா?" என்பாள்.

"தெருவே வரும்டி" என்பேன்.

சும்மா வீம்புக்குச் சொன்னதில்லை. எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி கேட்டில் ஒரு துணிப்பையை மாட்டிவிட்டுப் படுப்போம். விடியற்காலையில் பால்காரர் பாக்கெட்டை அதில் போட்டுவிட்டுப் போவார். நன்றாக வெயில் ஏறியும் பை கனமாகத் தொங்கினால் அந்த வீட்டில் ஆள் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம். யாராவது ஒருவர் கேட்டைத் தட்டிக் குரல் கொடுப்பார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா, பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும் என்று இருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னடக்காரி, என்னைவிடப் பல வயது சிறியவள், அவளும் கணவரை இழந்தவள்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அவள் பாதித் தமிழும் நான் பாதிக் கன்னடமுமாக அந்தச் சுவருக்கு மேலே நாங்கள் பேசித் தீர்க்காத விஷயம் இல்லை. என்னை அக்கா என்பாள். அவர்கள் பேச்சில் ஒரு பழமொழி உண்டு, எதற்கெடுத்தாலும் அதைச் சொல்வாள்: "மாத்து பல்லவனிகே ஜகளவில்லா." பேசத் தெரிந்தவனுக்குச் சண்டை இல்லை என்று பொருள்.

அன்றைக்கு முந்தின நாள் சாயங்காலம் சுவரோரம் நின்று, "நாளைக்கு விடிஞ்சதும் வெறும் வயித்தோட ரத்த டெஸ்டுக்குப் போகணும்" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். காலையில் எழுந்ததும் சோம்பல். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பாலை எடுப்பதற்கு முன்னால் பின்பக்கக் குளியலறைக்குப் போனேன். ஈரத் தரை. கால் எப்படி வழுக்கியது என்றே தெரியவில்லை. விழுந்த வேகத்தில் இடுப்பும் போயிற்று, விலாவும் அடிபட்டது. கத்த முயன்றால் மூச்சே வரவில்லை, குரல் எங்கே வரும்? போன் சமையலறையில் இருந்தது.

ஆனாலும் நான் பயப்படவில்லை. பை தொங்குகிறதே, பார்த்துவிட்டு வருவார்கள் என்று கிடந்தேன்.

வெயில் ஜன்னல் வழியாக இறங்கி வாளி மேல் விழுந்தது. எதிர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது. பள்ளிக்கூட வேன் வந்து போயிற்று. கடைசியில் பூக்காரம்மாவின் குரல் கேட்டது. அந்தக் குரல் சிவாஜிநகரில் கிளம்பினால் காக்ஸ் டவுனில் கேட்கும்.

"அம்மா, பூவு!" என்று கூப்பிட்டார். பிறகு யாரிடமோ, "பையி காலியா இருக்குது. பால எடுத்துட்டாங்க. பூஜைல இருப்பாங்க, நான் அப்புறமா வர்றேன்" என்றார்.

பை காலியா? நான் எடுக்கவே இல்லையே! அப்போதுதான் பயம் வந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்த ஒரே அடையாளம் போய்விட்டது. இனி யாரும் வரப்போவதில்லை. சுவரில் கைக்கெட்டிய குழாயை குளிக்கும் மக்கால் தட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் தட்டவும் கை வரவில்லை.

பாலை எடுத்தவள் பக்கத்து வீட்டுக்காரிதான். அக்கா ரத்த டெஸ்டுக்குப் போயிருக்கிறாள், வெயிலில் பால் கெட்டுப்போகும் என்று எடுத்துப் போயிருக்கிறாள். எடுத்ததோடு விடாமல் காய்ச்சியும் வைத்தாள். தன் சமையல் முடிந்ததும், அக்கா பசியோடு திரும்பியிருப்பாளே என்று அந்தப் பாலைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, பாலு கொண்டுவந்திருக்கேன். பாகிலு தெகீரி!" கதவைத் திறக்கச் சொல்கிறாள். நான் எங்கே திறப்பது?

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன். பிறகு அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அய்யோ தேவரே! அக்காவோட செப்பலு இங்கேயே இருக்கே!"

வாசலில் நான் கழற்றி விட்ட செருப்பைப் பார்த்துவிட்டாள். செருப்பு இங்கே என்றால் ஆள் உள்ளேதான். உள்ளே இருப்பவள் கூப்பிட்டும் ஏன் திறக்கவில்லை? அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகம். இஸ்திரி வண்டிக்காரர் பின்கதவுத் தாழ்ப்பாளை உடைத்தார். முனையில் நிற்கும் ஆட்டோக்காரர் ஆம்புலன்சை அழைத்து வந்தார். இவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் தொட்டிருக்கக் கூடாது, நான் அந்தப் பாலைத் தொட்டிருக்கக் கூடாது" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் மகள் பழைய பேச்சை எடுத்தாள். இந்தமுறை எதிர்த்துப் பேச எனக்கு வாய் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் சில நாள் தங்கிப் பார்க்கலாம் என்று அந்தக் குடியிருப்பில் சொன்னார்கள். போனேன்.

உள்ளதைச் சொன்னால் இடம் நன்றாகவே இருந்தது. எங்கே கை நீட்டினாலும் பிடித்துக்கொள்ளக் கம்பி. தரை நனைந்தாலும் வழுக்கவில்லை. குறை என்றால், எங்கே திரும்பினாலும் என் வயதுதான். குழந்தை அழும் சத்தம் இல்லை, கீரை விற்பவர் குரல் இல்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் முழங்கால், சர்க்கரை, பிள்ளைகள் இருக்கும் வெளிநாட்டில் என்ன மணி, இதே பேச்சு.

வந்த அன்று அறையைச் சுற்றிக் காட்டிய பெண், குளியலறையில் தொங்கிய சிவப்புக் கயிற்றைப் பற்றி என்னவோ சொன்னாள். நான் அவளுக்கு எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா என்று விசாரிப்பதில் இருந்தேன். மறுநாள் துவைத்த ரவிக்கையைக் காயப்போட இடம் தேடினேன். கயிறு கைவாக்கில் இருந்தது. போட்டேன். அவ்வளவுதான். எங்கோ மணி அலற, நர்ஸ் ஒருத்தி, செக்யூரிட்டி ஒருவர், அவர்கள் பின்னால் மேனேஜர் அம்மா என்று கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்துவிட்டார்கள். அது ஆபத்துக்கு இழுக்கிற கயிறாம்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. ரவிக்கைக்குத்தான் உடம்பு சரியில்ல போல" என்றேன்.

நர்ஸ் சிரித்தாள். மணியை நிறுத்தினாள். "கயித்துல துணி போடாதீங்கம்மா" என்று சொன்னாள். மூன்று பேரும் வந்த வேகத்திலேயே போய்விட்டார்கள்.

கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். காக்ஸ் டவுனில் ஆள் வர வெகு நேரமாயிற்று. ஆனால் வந்தவர்கள் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார்கள், மாறி மாறிக் கஞ்சி கொண்டுவந்தார்கள். இங்கே உடனே வந்தார்கள், உடனே போனார்கள். எந்தத் தட்டு கனம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று வீடு திரும்பினேன்.

வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி ஆளே மாறியிருந்தாள். பாலைத் தொடுவதில்லை. அதற்குப் பதிலாக, நொடிக்கொரு தரம் சுவரோரம் வந்து, "அக்கா, இருக்கீங்களா?" என்பாள். குளிக்கப் போனால் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பதில் சொல்ல ஒரு நிமிஷம் தாமதமானால் கதவை இடிப்பாள். "ஏய், சோப்புப் போட விடுடி!" என்று உள்ளேயிருந்து கத்துவேன்.

ஒரு நாள் சாயங்காலம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தேன். அவள் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள். மைசூரில் இருக்கும் மகளோடு. அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வரவேண்டியவள். ஆனால் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அம்மாதான் அங்கே போயாக வேண்டும். இது எனக்கு அதுவரை தெரியாது. இவள் கன்னடத்தில் சொன்னாள்:

"அக்காவைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா வர்றது? மறுபடியும் ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இருப்பேன்? மாமியாரையே கொஞ்ச நாள் பார்த்துக்கச் சொல்லு."

மகள் என்ன பதில் சொன்னாளோ, இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டேன். அதுவரை நல்லது கெட்டது என்று நான் நிறுத்துப் பார்த்ததெல்லாம் என் சௌகரியத்தைத்தான். கம்பி, கயிறு, சாப்பாடு, பேச்சுத்துணை. தெரு என்னைப் பார்த்துக்கொள்ளும் என்று பெருமையாகச் சொன்னேனே, அந்தத் தெருவுக்கு இப்போது இவள் ஒருத்தியின் முகம்தான் இருந்தது. என் இடுப்பு உடைந்த நாளிலிருந்து இவள் காலும் கட்டுண்டு கிடந்தது.

மறுநாள் என் மகளுக்குப் போன் போட்டு, பணத்தைக் கட்டச் சொன்னேன். பிறகு சுவரோரம் போய் இவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் பாலு எடுத்தேன்னுதானே போறீங்க?" என்றாள்.

"அதுக்கில்லடி. உன் பொண்ணுகிட்ட போ. முதல் பிரசவம். நீ இல்லாம எப்படி?"

"அது என் வீட்டு விஷயம். உங்களுக்கு எதுக்கு? நான் சரியா பார்த்துக்கலன்னு நேராவே சொல்லிடுங்க அக்கா, சும்னே பொண்ணு பேரைச் சொல்லாதீங்க."

"நீ பார்த்துக்கிறதே எனக்கு பாரமா இருக்குடி" என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பாரம் என்று சொல்ல வந்தேன், வாய் மாற்றிச் சொல்லிவிட்டது. அவள் முகம் சுண்டிவிட்டது. திருத்திச் சொல்வதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேசத் தெரிந்தவனுக்குச் சண்டை இல்லையாம். அன்றைக்கு எங்கள் இருவருக்குமே பேசத் தெரியவில்லை.

நான் கிளம்பிய அன்று சந்தே வந்து நின்றது. பூக்காரம்மா தலை நிறையப் பூ வைத்துவிட்டார். அவள் மட்டும் வரவில்லை. பால் பை கேட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இனி எதற்கு என்று விட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். சில நாள் கழித்து, அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மைசூருக்குப் போய்விட்டாள் என்று இஸ்திரி வண்டிக்காரர் போனில் சொன்னார். அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இங்கே வாழ்க்கை பழகிவிட்டது. வேண்டாதது ஒன்று இருக்கிறது: திடீரென்று ஒரு நாள் மேஜையில் ஒரு நாற்காலி காலியாகும், அன்றைக்கு மட்டும் யாரும் முழங்காலைப் பற்றிப் பேச மாட்டார்கள். வேண்டியதும் இருக்கிறது. போன மாதம் எதிர் அறை அம்மாவுக்கு மயக்கம் வந்தது. கயிற்றை இழுத்தார், பிழைத்தார். அதே கயிறுதான். அதன் பிறகு நான் அதைக் கிண்டல் செய்வதில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் காலை கதவைத் திறந்தால், கைப்பிடியில் என் பழைய பால் பை தொங்கியது. உள்ளே ஒரு பாக்கெட் பால். பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு அவள் நிற்கிறாள்.

"என்ன அக்கா இவ்வளவு நேரம் தூக்கம்? எடுத்துக் காய்ச்சுங்க, கெட்டுப்போகும்" என்றாள்.

உள்ளே கூட்டி வந்தேன். மின்சார அடுப்பில் பாலை வைத்தோம். போனில் பேத்தியின் படத்தைக் காட்டினாள். மூக்கு அவளுடையது. மகளுக்கு வலி எடுத்த நேரத்தில் மருமகனும் சம்பந்தியம்மாவும் ஊரில் இல்லையாம். கூட இருந்தது இவள் ஒருத்திதான்.

"நீங்க போகலன்னா நான் போயிருக்க மாட்டேன்" என்றாள். போனைக் கீழே வைத்துவிட்டு, "ஆனாலும் அந்தப் பாலை நான் தொட்டிருக்கக் கூடாது" என்றாள்.

இவ்வளவு நாளாக அவளிடம் சொல்ல நினைத்திருந்ததை அப்போதுதான் ஒழுங்காகச் சொன்னேன். "நீ எடுத்துட்டுப் போனதால நான் கொஞ்ச நேரம் சேர்த்துக் கிடந்தேன், வாஸ்தவம். ஆனா நீ திருப்பிக் கொண்டுவரலன்னா அங்கேயே கிடந்திருப்பேன்டி."

பால் பொங்க வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். என் கால் வேலைக்காகாது, அவள்தான் இறக்கினாள்.

இங்கே பால் நேராகச் சமையலறைக்கே வந்துவிடுகிறது. எனக்குப் பால் பையே தேவையில்லை. ஆனாலும் ராத்திரி அதைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத்தான் படுக்கிறேன், காலையில் எழுந்ததும் எடுத்து உள்ளே வைக்கிறேன். எதிர் அறை அம்மா காரணம் கேட்டார், கதையைச் சொன்னேன். இப்போது அவர் கைப்பிடியிலும் ஒரு பை தொங்குகிறது. இழுத்தால் ஓடி வருகிற கயிறு ஒரு பக்கம் இருக்கட்டும். என் செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்த்து ஒருத்தி போட்ட அந்தக் கூச்சல், நான் உயிரோடு இருப்பதில் இன்னொருவருக்கும் பங்கு இருக்கிறது என்பதைத் தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.