சங்கிலியால் அடித்த மேஜை

என் மச்சானிடம் நான் மூவாயிரம் கடன் வாங்கியிருந்தேன். என் மனைவியின் அண்ணன் அவர். அந்தக் காசில்தான் என் முதல் ரம்பமும் இழைப்புளியும் வந்தன. இரண்டே வருடத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடன் கொடுத்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரும்ப வாங்கியதுதான் மறந்து மறந்து போகும்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று என் மரச்சாமான் கடையை நம்பிப் பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன. நான் செய்த தேக்கு அலமாரியை மூடினால் எறும்புகூட உள்ளே போகாது. பெருமைக்குச் சொல்லவில்லை, வாங்கியவர்களைக் கேளுங்கள். அப்படிப்பட்டவனை நாலு பேர் நடுவில் தோளில் தட்டி, "இவனைத் தூக்கிவிட்டதே நான்தான்" என்பார் மச்சான். முப்பது வருடமாகத் தட்டித் தட்டித் தோளே இறங்கிவிட்டது.

தண்ணீர் அளவு எடுக்கும் வேலை அவருக்கு. வீடு வீடாகப் போய், குனிந்து, மீட்டர் முள்ளைப் பார்த்துக் குறித்து வருவார். ஊரே அவரை மீட்டர் என்றுதான் கூப்பிடும். குடியிருந்ததெல்லாம் அலுவலகக் குடியிருப்பு. இரும்புக் கட்டில், இரும்பு அலமாரி, இரும்பு நாற்காலி. எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் நம்பர். ஓய்வு பெற்று மூன்றாவது மாடியில் சொந்த வீடு வாங்கியதும், ஏதோ ஒரு காப்பிக் கடையில் பைன் பலகை பெஞ்சைப் பார்த்துச் சொக்கிப் போனார்.

"மாப்பிள்ளே, எனக்கு வீடு பூரா அந்த மாதிரி வேணும். காட்டுக்குள்ள இருக்கிற வீடு மாதிரி. கணு தெரியணும், மர வாசனை வரணும்."

"மச்சான், அது சாமான் பெட்டி அடிக்கிற மரம். நகம் பட்டாலே தழும்பு விழும்."

"விழட்டும்! தழும்புதான் அழகு."

தேக்கில் கை பழகியவனுக்கு அந்த மரம் வெண்ணெய் மாதிரி. உளி வைத்தால் நசுங்கும், கணுவில் பிசின் வடியும். பல்லைக் கடித்துக்கொண்டு மேஜை, இரண்டு பெஞ்சு, சுவர் அலமாரி செய்தேன். மேஜையை முகம் பார்க்கலாம் போல இழைத்துக் கொண்டுபோய் வைத்தேன். தடவிப் பார்த்த மனுஷன் முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது, ஆபீஸ் மேஜை மாதிரி மொழுமொழுன்னு? நூறு வருஷப் பழசு மாதிரி இருக்கணும்."

"நூறு வருஷம் கழிச்சு வாங்க, அப்படித்தான் இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பழைய சைக்கிள் சங்கிலியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். இதால் அடித்தால் பழசாகுமாம். எனக்கு வந்த கோபத்தில் யாரை அடித்திருப்பேன் என்று தெரியாது.

"நான் இழைச்ச பலகையை நானே அடிக்க மாட்டேன். நீங்களே அடிங்க. என் கூலியைக் குடுங்க, போறேன்."

அவரே அடித்தார். கீழ் வீட்டுக்காரர் பதறி ஏறி வந்து, "யாரைக் கட்டிவெச்சு அடிக்கிறீங்க?" என்று கேட்கும் அளவுக்கு அடித்தார். அடித்து முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கணக்குச் சொன்னார்:

"பழசாக்கினது நான். ஆக, பாதி வேலை என்னுது. மீதிப் பாதி, நான் வாங்கிக் குடுத்த ரம்பத்துக்குச் சரியாப் போச்சு."

மரக் காசும் இல்லை, கூலியும் இல்லை. வாரா வாரம் நடந்தேன். "குடும்பத்துக்குள்ள என்ன மாப்பிள்ளே காசு?" என்பார். "விட்டுத் தொலைங்க" என்றாள் என் மனைவி. எப்படி விடுவது? தெரியாதவன் ஏமாற்றினால் நஷ்டம் என்று எழுதலாம். இவர் கொடுக்காவிட்டால் நான் சாகும்வரை இவர் தூக்கிவிட்ட ஆள்தானே? ஒரு தடவையாவது தொழில்காரனாக அவர் கையிலிருந்து கூலி வாங்க வேண்டும்.

பழைய அலுவலக நண்பர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து, புது வீட்டைக் காட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். அன்று காலை கடை ஆட்கள் இருவரோடு மாடி ஏறினேன்.

"மேஜையைத் தூக்குங்கப்பா."

"டேய், டேய்! தட்டு வெச்சிருக்குடா!"

"தட்டு உங்களுது மச்சான், எடுத்துக்கங்க. மேஜை என்னுது."

"நன்றி கெட்டவனே! உன் ரம்பம் யார் காசு?"

"வட்டியோட வாங்கினீங்களே, அது யார் காசு?"

மேஜை வாசற்படி வரை போய்விட்டது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி வந்தார். நான் அக்கா என்று கூப்பிடுபவர். கையில் கரண்டி.

"தம்பி திருப்பிக் குடுத்த கடனை அன்னிக்கு எண்ணி உள்ளே வெச்சதே நான்தான். இந்த ரம்பக் கதையைக் கேட்டுக் கேட்டு என் காது புண்ணாப் போச்சு. வர்றவங்களைத் தரையில உக்கார வைக்கப் போறீங்களா? எண்ணிக் குடுங்க."

மச்சான் என்னைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கவரோடு வந்து நீட்டினார்.

"கவர் வேண்டாம். கையில எண்ணி வைங்க" என்று உள்ளங்கையை விரித்தேன்.

எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாக வைத்தார். பாதியில் நிறுத்தி, "குடும்பத்துக்குத் தள்ளுபடி ஏதும் உண்டா?" என்றார். நான் கையை மடக்கவில்லை. மறுபடி எண்ணினார். கடைசித் தாளை வைத்தவர் விரலை எடுக்கவில்லை. நான் கொஞ்சம் இழுத்தேன். வந்தது.