கட்டிலைப் பார்த்துப் போட்ட ஊசி

நோயாளியின் கையில் இருக்க வேண்டிய ஊசிக்குழாய் அன்று சிஸ்டரின் கையில் இருந்தது. இடது மணிக்கட்டுக்கு மேலே, மூடி போட்டு, வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி. அந்தக் கையாலேயே என் தலைமாட்டில் பாட்டில் தொங்கும் ஸ்டாண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்குக் குடல்வால் அறுவை முடிந்து இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. முதலில் என் கண்தான் பிசகுகிறது என்று நினைத்தேன். "என்ன சிஸ்டர், ஒங்க கையில ஊசி?" என்றேன். "காலையில மருந்து ரூம்ல மயங்கிட்டேங்க்கா. டாக்டர் குளுக்கோஸ் ஏத்தச் சொன்னாவ. பாதி ஏறுததுக்குள்ள ஆம்பளையாளு வார்டுல கூப்பிட்டுட்டாவ. மிச்சத்தப் பொறவு ஏத்திக்கிடலாம்னு கழத்தாம வச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. நான் அந்த ஊரில் தையல் கடை வைத்திருப்பவள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவேன். சிஸ்டரின் யூனிஃபார்ம் வேறு யாருக்கோ தைத்ததுபோலத் தொளதொளவென்று கிடந்தது. இடுப்பில் இரண்டு பக்கமும் ஊக்கு குத்தியிருந்தார். இரவல் சட்டையா என்று விளையாட்டாகக் கேட்டேன். "வேலைக்குச் சேந்தப்போ எனக்கே எடுத்து தச்சதுக்கா" என்றார். அந்த உடம்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஊக்கு குத்திய இடமே சொன்னது.

முந்தின நாள் வேலைக்கு வந்த சிஸ்டர் இன்னும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. அவரை மாற்றிவிட வேண்டிய பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாளாம். பெண்கள் வார்டு, ஆண்கள் வார்டு, பிரசவ அறை எல்லாவற்றுக்கும் இவர் ஒருவர்தான். பாத்ரூம் போகக்கூட ஆள் மாற்றிவிட வழியில்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை என்று இயல்பாகச் சொன்னார். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில், கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மாதத்தில், ஒரு மனுஷி தண்ணீரைப் பார்த்துப் பயப்படுவதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஒவ்வொரு கட்டிலாக வந்து மருந்து எடுத்து ஊசி போட அவருக்கு நேரம் கிடையாது. அதனால் எல்லாருக்குமான ஊசிகளிலும் மருந்து அறையிலேயே மருந்தை ஏற்றி, கட்டில் வரிசைப்படி ட்ரேயில் அடுக்கிக்கொண்டு வருவார். வந்தால் மடமடவென்று போட்டுக்கொண்டே போவார். "ஏன் சிஸ்டர், முகத்தக்கூடப் பாக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டதற்கு, "முகத்தப் பாத்தா பேசணும்லாக்கா? கட்டிலப் பாத்துத்தான் போடுதேன்" என்றார்.

எங்கள் வார்டில் மேற்குச் சுவரை ஒட்டிய பாதியில் ஃபேன் ஓடாது. மதியத்துக்கு மேல் அந்தச் சுவர் கொதிக்கும். அதனால் படுத்திருக்கும் பெண்களே தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். யாருக்கு அன்று ரொம்ப முடியவில்லையோ அவளுக்கு ஃபேன் கட்டில். அன்று என் முறை வந்தது. நாகலாபுரம் பக்கம் ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி, காலில் உடைமுள் தைத்துப் புண்ணாகி, சர்க்கரை வியாதியால் ஆறாமல் வந்து சேர்ந்திருந்தாள். அவள்தான், "ஏட்டி, பச்சப் புண்ண வச்சிக்கிட்டு அங்கன கெடந்து ஏன் வேகுத? இங்கன வந்து படு, நான் அங்கன போறேன்" என்று என்னைக் கைத்தாங்கலாகத் தன் கட்டிலுக்கு மாற்றிவிட்டாள். மனசு குளிர்ந்துபோய்ப் படுத்தேன்.

சிஸ்டர் ட்ரேயோடு வந்தார். அவருக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. வழக்கமாக என் கைக்குழாயில் ஏற்றுகிறவர் அன்று தோளுக்குக் கீழே குத்தினார். மருந்தை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சுவரோரக் கட்டிலுக்குப் போவதற்குள் பிரசவ அறையில் யாரோ அலறும் சத்தம். ட்ரேயை வைத்துவிட்டு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு வேர்க்கத் தொடங்கியது. ஃபேனுக்கு நேர் கீழே தலையணை நனைகிற வேர்வை. கை நடுங்கியது. என் வீட்டுக்காரர் கஞ்சியோடு வந்து எதையோ கேட்கிறார், நாக்கு புரளவில்லை. அவர் போட்ட கூச்சலில் சிஸ்டர் ஓடிவந்தார். என்னவென்று அவருக்கும் பிடிபடவில்லை. அந்த நேரத்தில் சுவரோரத்திலிருந்து ஆட்டுக்கார அம்மா, "தாயி, எனக்குச் சோறு வந்துட்டு. சோத்துக்கு முந்தி போடுத சுகர் ஊசிய இன்னும் போடலியே" என்றாள்.

சிஸ்டர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகம் ரத்தம் சுண்டி வெளுத்ததை அரை மயக்கத்திலும் நான் கண்டேன். சர்க்கரை வியாதியே இல்லாத எனக்கு, கஞ்சிகூடக் குடிக்காத வயிற்றோடு, இன்சுலின் ஏறியிருந்தது. குளுக்கோஸை உடைத்து என் கைக்குழாயில் ஏற்றியதும், கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டதும் அவர்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று டாக்டர் பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னார். என் கடையில் ஒரு ஜாக்கெட்டுக்குக்கூட மேலே பெயர் எழுதிய துண்டுத் துணியைக் குத்தி வைப்போம். மாறிப்போனால் ஊரே வந்து சண்டை போடும். உயிரை எடுக்கிற மருந்துக்கு அந்தத் துண்டுத் துணி இல்லை.

மேனேஜர் வந்தார். வார்டு முழுக்கக் கேட்கும்படி சிஸ்டரைத் திட்டினார். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அவர் சொன்னது அதைவிட மோசம். "தப்புப் பண்ணிட்டேல்லா? சாயங்கால டூட்டியையும் நீயே பாரு. அப்பந்தான் புத்தி வரும்."

காதில் விழுந்ததை என்னால் நம்ப முடியவில்லை. "அண்ணாச்சி, அந்தப் பிள்ளைய வீட்டுக்கு அனுப்புங்க. தூங்கி எந்திச்சு வரட்டும்" என்றேன். "அனுப்பிட்டா ஊசிய நீங்க போடுதியளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆத்திரத்தில் குதித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரே அதைக் கேட்டு, சிஸ்டர் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இப்போது அந்த ஆஸ்பத்திரிக்கு மேலே ஒரு மாடி ஏறியிருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய வார்டு. ஃபேனுக்காக யாரும் கட்டில் மாற வேண்டியதில்லை. நர்ஸ் தேவை என்ற பலகை மட்டும் வாசலில் எப்போதும் தொங்குகிறது. சிஸ்டர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவரை நினைத்தால் அன்றைய சாயங்காலம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

மறுபடி ட்ரேயோடு வந்தார். இந்த முறை ஒவ்வொரு கட்டிலிலும் நின்று பெயர் கேட்டார். என்னிடம் வந்து, "பேரு சொல்லுங்கக்கா" என்றார். சொன்னேன். தலையாட்டினார். ஊசியைக் கையில் எடுத்தார். எடுத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "அக்கா, பேரு என்ன சொன்னீங்க?" என்றார்.

நான் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.