மைக்செட்காரர் காது

என் அத்தானுக்குக் காது கேட்காது என்று யாராவது சொன்னால் அடிக்க வந்துவிடுவார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறையும் அடி விழுந்ததில்லை. அவருக்குக் கேட்டால்தானே!

விழாக்களுக்கு மைக்செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். ஸ்பீக்கர் தூக்குவதும் வயர் இழுப்பதும் மச்சினனாகிய நான். மிக்ஸர் முன்னால் நாற்காலி போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்து குமிழ் திருகுவது அவர். வாலிப வயதிலிருந்து ஸ்பீக்கர் பக்கத்திலேயே குடியிருந்தவருக்குக் காது போகாமல் வேறு என்ன போகும்? முதலில் போனவை கீச்சுக் குரல்கள். காலிங் பெல், குக்கர் விசில், அக்காவின் திட்டு என்று ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாகச் சொன்னது போனதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும். காது கேட்காத மைக்செட்காரனை எவன் கூப்பிடுவான்? அதனால் என்ன கேட்டாலும் சிரித்துத் தலையாட்டியே காலத்தை ஓட்டினார். மாட்டிக்கொண்டது ஒரு பாராட்டு விழாவில். மைக் 'கீ' என்று விசிலடிக்க, ஹாலே காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறது. அத்தான் மட்டும் மிக்ஸர் பக்கத்தில் புன்னகையோடு வீற்றிருக்கிறார். எல்லாரும் காதில் கை வைத்திருப்பதைப் பார்த்து, ஏதோ மரியாதை என்று நினைத்து அவரும் எழுந்து நின்றார்.

ஹால்காரர் என்னைத் தனியாக இழுத்தார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்க சாமானைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க. வேற ஆளு ரெடியா இருக்கான்." எங்கள் வருமானத்தில் முக்கால்வாசி அந்த ஹாலில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது.

அக்கா அவரைத் தரதரவென்று காது கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: தண்ணீர் படக்கூடாது, சூடு ஆகாது, குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும், படுக்கும்போது பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். அத்தான் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மைக்கு, ஆம்பிளிஃபயரு, ஸ்பீக்கரு. மூணையும் சுண்டைக்கா சைஸ்ல செஞ்சிருக்காங்க, அவ்வளவுதானே? இதை எனக்கேவா சொல்லித் தர்றே?"

வீட்டுக்கு வந்ததும் அவர் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை, "ஏன்டி இப்படிக் கத்தறே?" இத்தனை வருஷம் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவளிடம் கேட்கிற கேள்வியா அது? அன்று அவளுக்குப் பதிலாகப் பாத்திரங்கள்தான் பேசின.

இருந்தாலும் மெஷின் பராமரிப்பை அவள்தான் எடுத்துக்கொண்டாள். காதுக்குள் போகும் ரப்பர் நுனியைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து, குட்டி பிரஷ்ஷால் அழுக்கைத் தட்டுவாள். மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளேயே விழுந்துவிடுமாம். பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, குறும்பி அடைத்துக்கொண்ட வடிகட்டியை மாற்றி, டப்பாவில் போடுவாள். என்னைக்கூட அவள் அப்படிக் குளிப்பாட்டியதில்லை. அத்தானோ தன் மைக்குகளைத் துடைக்கிற மாதிரி மெஷினையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கப் பார்த்தார். அக்கா பாட்டிலைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க அதில் ஊதினார். அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மெஷின் வெளியே தெரியாமல் இருக்க, காதை மூடி முடி வேறு வளர்த்திருந்தார். பார்க்க மார்க்கெட் போன நடிகர் மாதிரி இருந்தது.

அந்த ஹாலில் அடுத்து ஒரு பள்ளியின் ஆண்டு விழா. முந்தின நாள் மத்தியானம் எங்கள் மைக்செட் கடையில் பெட்டிகளை ஏற்றி இறக்கியதில் அத்தானுக்கு வியர்த்துக் கொட்டியது. வலது மெஷின் கரகரத்தது. வீட்டுக்குப் போய் டப்பாவில் போட வேண்டியதுதானே? மாட்டார். எங்கள் தொழிலில் ஈரமான மைக்கை, ஓடிக்கொண்டிருக்கும் ஆம்பிளிஃபயர் தலைமேல் வைத்துக் காயவைப்போம். அந்த இதமான சூட்டில் ஈரம் ஓடிவிடும். அதே இடத்தில் மெஷினையும் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் கரகரப்பு போய்விட்டது. ஆனால் ரப்பர் நுனி வதங்கிச் சுருங்கி, காதில் ஒட்டாமல் ஆடியது.

"மாப்ள, உங்க அக்காகிட்ட மூச்சு விட்டே, அவ்ளோதான்," என்றார். நான் விடவில்லை. இந்தக் குடும்பத்தில் உயிரோடு இருக்க அதுதான் வழி.

ஆண்டு விழாவில் தலைமையாசிரியை பேசத் தொடங்கினார். சத்தம் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. திடீரென்று அத்தான் விறைத்தார். "விசிலு, விசிலு!" என்று குமிழைக் குறைத்தார். எங்கே விசில்? எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் இன்னும் குறைத்தார். மேடையில் அந்த அம்மாவின் வாய் மட்டும் அசைந்தது.

"சத்தம் வரலை!" என்று பின்வரிசை கத்தியது.

"அத்தான், ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல, ஏத்துங்க!"

"எனக்கு நல்லாக் கேக்குதுடா! உனக்குத்தான் காது போச்சு!"

விசில் இருந்தது அவர் வலது காதில். சுருங்கிய ரப்பரின் இடைவெளி வழியாகச் சத்தம் வெளியே கசிந்து, மறுபடி அதே மெஷினுக்குள் புகுந்து கீச்சிட்டுக்கொண்டிருந்தது. இடது மெஷின் அதை விசுவாசமாக வாங்கி மறு காதுக்கும் கொடுத்தது. ஊரே அறிந்த மைக்செட்காரர், தன் காதில் அடிக்கும் விசிலை நிறுத்த ஹாலையே ஊமையாக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் மைக் வயரையே பிடுங்கினார்.

ஹால்காரர் ஓடி வந்தார். அவருக்கு முன்னால் அக்கா வந்துவிட்டாள். அத்தானை நம்பாமல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள். முடியை விலக்கி மெஷினை உருவினாள். ரப்பரைப் பார்த்தாள்.

"இதை எங்கடா வெச்சாரு?"

நான் வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் ஆம்பிளிஃபயர் பக்கம் போனது. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து புது ரப்பர் எடுத்து மாட்டி, காதைப் பிடித்து இழுத்து, நன்றாக உள்ளே அழுத்தினாள். விசில் நின்றது. நான் வயரைச் சொருகினேன்.

ஆனால் ஹால்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். "என்னது இது? காது கேக்காதா உனக்கு? காது கேக்காத ஆளையா இத்தனை நாளா உக்கார வெச்சிருந்தேன்?"

அவர் குரலுக்கு மைக்கே தேவையில்லை. முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. பிழைப்பு முடிந்தது என்றே நினைத்தேன். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு, இந்த ஆளுக்கு ஏது?

அத்தான் மிக்ஸர் மேலிருந்த மைக்கை எடுத்தார். குமிழைத் தானே பதமாக ஏற்றினார்.

"எனக்குக் காது கேக்காதுங்க," என்றார். அது எட்டு ஸ்பீக்கரிலும் வந்தது. "ரொம்ப நாளாவே கேக்காது. இப்ப மெஷின் போட்டிருக்கேன். உங்களுக்கெல்லாம் கேக்குதா?"



"கேக்குது!" என்று ஹால் முழுக்கக் கத்தியது. பின்வரிசைக் குழந்தைகள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார்கள். அத்தான் அந்தப் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் கேக்குது," என்றார் மைக்கில்.

ஹால்காரர் அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"அடுத்த விழாவுக்கும் நீங்களே வாங்க. ஆனா அந்தம்மாவும் கூட வரணும்."