எந்த டிஸ்க்கிலிருந்து ஓடியது?

2011 ஏப்ரல் மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில், என் கணவருக்குக் கொடுத்திருந்த கீழ்த்தளக் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. அவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும்தான். பி.சி.ஏ. படித்தவள் என்ற செய்தி எப்படியோ பரவியிருந்ததால், எங்கள் பிளாக்கில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காபி கொடுப்பார்கள், கூடவே "நீ கெட்டிக்காரிம்மா" என்பார்கள். காபியைவிட அந்தச் சொல்தான் எனக்கு ருசித்தது என்பதை இப்போது வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

மேல்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். விருதுநகர் பக்கத்துக்காரர். அவருடைய தம்பிக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஊரில் தங்கி, பி.ஏ. வரலாறு கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய பாடப் புத்தகங்களையெல்லாம் இந்த அக்காதான் சத்தமாக வாசித்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வார். மதியம் வீடு அமைதியானதும், கதவைச் சாத்திவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மின்விசிறிச் சத்தம் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவார். நெய்வேலி ஏப்ரல் வெயில் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். பதிவானதை பென் டிரைவில் போட்டு, ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். மூன்று வருடமாக அந்தப் பையன் படித்தது முழுக்க அக்காவின் குரலில்தான்.

அந்தக் கம்ப்யூட்டர் பழையது. எக்ஸ்பி போட்டது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வர ஆரம்பித்திருந்தது. இது எப்போது வேண்டுமானாலும் போய்விடும், புதியது வாங்கிவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். வாங்கி வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, விண்டோஸ் இருக்கும் பகுதியை அப்படியே பழைய டிஸ்க்கிலிருந்து புதியதுக்குக் காப்பி எடுத்தேன். புதியதிலிருந்து தொடங்கும்படி அமைத்துவிட்டு ஆன் செய்தேன். எல்லாம் வந்தது. மேசைப் பின்னணியில் அக்கா வைத்திருந்த முருகன் படம்கூட மாறாமல் வந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். என்னையா முருகனையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பழைய டிஸ்க்கை அன்றே கழற்றியிருக்க வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று அதையும் உள்ளேயே மாட்டி வைத்துவிட்டு வந்தேன். நம் வீடுகளில் புது மிக்ஸி வாங்கினாலும் பழையதைத் தூக்கிப் போட மாட்டோமே, அந்தப் புத்திதான்.

அடுத்த பத்து நாளும் அக்கா விடாமல் வாசித்தார். கடைசிப் பேப்பருக்கான பாடங்கள். வெள்ளிக்கிழமை அவருடைய கணவர் ஊருக்குப் போவதாக இருந்தது. அதற்கடுத்த புதன்கிழமை பரீட்சை. புதிய பதிவுகளில் ஒன்றை அக்கா தம்பிக்குப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறார். அவன் கேட்டுவிட்டு, "அந்த டிக் டிக் இன்னும் வருதேக்கா" என்று சொன்னானாம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய டிஸ்க்குக்கும் கரண்ட் போகிறது, சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், கழற்றிவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று விளக்கம் சொல்லி, அவர் ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை மதியம் போய்க் கழற்றினேன்.

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. விண்டோஸ் பெயர் வந்தது, நீலத் திரை வந்தது, அதோடு நின்றுவிட்டது. பயனர் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் நீலம்தான். பழையதைத் திரும்ப மாட்டினால் ஓடியது. கழற்றினால் நின்றது. இப்படி நாலைந்து முறை. கொஞ்சம் நிதானமாக யோசித்திருந்தால் அங்கேயே விடை கிடைத்திருக்கும். ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். காப்பி எடுக்கும்போது ஏதோ ஒரு ஃபைல் விட்டுப்போயிருக்கிறது, புதிய டிஸ்க்கில் விண்டோஸை முதலிலிருந்து ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்று முடிவு கட்டினேன். அதற்கு முன் அதிலுள்ள பாடங்களை எங்காவது எடுத்து வைக்க வேண்டும். மூன்று வருடப் பதிவுகளும் பென் டிரைவில் கொள்ளாது, என் கம்ப்யூட்டரிலோ இடமில்லை. பழைய டிஸ்க் சும்மாதானே கிடக்கிறது, அதைச் சுத்தமாக ஃபார்மேட் போட்டுவிட்டு அரைநாளைக்கு அதில் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு டிஸ்க்கையும் கையோடு எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அக்காவிடம், "நாளைக்குச் சாயங்காலம் பாடம் எல்லாம் பென் டிரைவில் இருக்கும், கவலைப்படாதீங்க" என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை பழைய டிஸ்க்கை என் கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபார்மேட் போட உட்காரும்போது வாசலில் எலக்ட்ரீஷியன் வந்து நின்றார். ஹால் சுவிட்ச் போர்டில் தீப்பொறி வருகிறது என்று ஒரு வாரத்துக்கு முன்னால் புகார் எழுதிக் கொடுத்திருந்தோம். கான்ட்ராக்ட் ஆள். என் வயதுதான் இருக்கும். கம்மாபுரத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறாராம். ஒரு வாரமாக வராதவருக்கு இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

அவர் ஹாலுக்கான ஃபியூஸைப் பிடுங்கினார். பிடுங்கிய பிறகும் போர்டைத் திறந்து ஒவ்வொரு கம்பியிலும் டெஸ்டரை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். அதுதான் ஃபியூஸைப் பிடுங்கியாச்சே, சீக்கிரம் முடியுங்களேன் என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டெஸ்டரை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். அதிலிருந்த குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஃபியூஸ எடுத்துட்டோம், லைனு செத்துப் பூட்டிருக்கும்னு நெனச்சிகினு கைய வெச்சிடக் கூடாதுங்க மேடம். முன்னாடி இருந்தவங்க யாரோ பக்கத்து ரூமுலேருந்து லைன் இழுத்துருக்காங்க. அதுலேருந்து வந்துகினு இருக்குது."

இரண்டாவது ஃபியூஸையும் பிடுங்கினார். வீடு முழுக்கக் கரண்ட் போனது. என் கம்ப்யூட்டரும் அணைந்தது. வேறு வழியில்லாமல் நானும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வேலை செய்துகொண்டே, பிரித்துப் போட்டிருந்த என் கம்ப்யூட்டரைப் பார்த்து என்ன ரிப்பேர் என்று கேட்டார். இவருக்கு என்ன புரியப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் சொன்னேன். பழசு ஒன்று, புதுசு ஒன்று, பத்து நாளாக இரண்டும் சேர்ந்து நன்றாக ஓடியது, பழசை எடுத்தால் நின்றுவிடுகிறது, புதுசில் ஏதோ கோளாறு, பழசை அழித்துவிட்டு இனிமேல்தான் சரிசெய்ய வேண்டும் என்றேன்.

ஸ்க்ரூ டிரைவரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க. ஆனா ஒண்ண எடுத்தா நிக்குது, வெச்சா ஓடுதுன்னா, பத்து நாளா அது பழசுலேருந்துதானேங்க வந்துகினு இருந்துருக்கும்?"

என் பார்வை கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த பழைய டிஸ்க்குக்குப் போனது. அவர் தொடர்ந்து, சுரங்கத்தில் ஒரு மோட்டாரில் கைவைக்க வேண்டுமென்றால் கரண்டை நிறுத்திவிட்டார்கள் என்று லைன் கிளியர் சீட்டு வாங்கி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, அதற்குப் பிறகும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவோம் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் பாதிதான் விழுந்தது. வேலை முடிந்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தார். புகார்ச் சீட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போய்விட்டார்.

கரண்ட் வந்ததும் முதல் வேலையாகப் பழைய டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். அக்காவின் பாடங்கள் நேற்று வரைக்கும் வரிசையாக இருந்தன. அதை அணைத்துக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிப் பார்த்தேன். பாடங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நின்றிருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அக்கா புழுங்கிப் புழுங்கிப் பத்து நாள் வாசித்தது அத்தனையும், நான் அழிக்க இருந்த அந்த ஒரே டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. அந்த எலக்ட்ரீஷியன் வந்து கரண்டை நிறுத்தாமல் இருந்திருந்தால் அன்று காலையிலேயே அதைத் துடைத்திருப்பேன். பத்திரமாக எடுத்து வைப்பதாக நினைத்துக்கொண்டு துடைத்திருப்பேன்.

பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டி, டேபிள் ஃபேனை அதன் மேல் திருப்பி வைத்து, ஒவ்வொரு ஃபைலாக பென் டிரைவில் இறக்கினேன். ஒவ்வொன்று ஏறும்போதும் அந்த டிக் டிக் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. இரண்டு பாடங்கள் மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை. அக்காவிடம் போய், "ரெண்டு மட்டும் சரியாப் பதிவாகலை போலிருக்குக்கா" என்று பொய் சொன்னேன். அவர் அன்று சாயங்காலமே உட்கார்ந்து இரண்டையும் என் கம்ப்யூட்டரில் வாசித்து முடித்தார். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பென் டிரைவ் போய்ச் சேர்ந்தது.

கம்ப்யூட்டர் ஏன் அப்படிச் செய்தது என்பதைப் பிறகு இன்டர்நெட்டில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எந்த எண் உள்ள டிஸ்க் தன்னுடைய 'சி' டிரைவ், அதாவது தான் குடியிருக்கும் இடம், என்று விண்டோஸ் குறித்து வைத்திருக்கும். நான் காப்பி எடுத்தபோது அந்தக் குறிப்பும் சேர்ந்தே காப்பியாகிவிட்டது. அதனால் புதிய டிஸ்க்கிலிருந்து கிளம்பினாலும், கிளம்பியதும் பழைய டிஸ்க்கைத் தேடிப்போய் அதையே 'சி' என்று வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறது. அதைக் கழற்றியதும் தன் வீடு எது என்று தெரியாமல் நீலத் திரையில் நின்றுவிட்டது. பழைய விண்டோஸ் 98 ஃப்ளாப்பி ஒன்றைத் தேடிப்பிடித்து, ஒரே ஒரு கட்டளையில் புதிய டிஸ்க்கின் அடையாள எண்ணை அழித்தேன். பழைய குறிப்பு செல்லாமல் போய், புதியதையே 'சி' என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ஒழுங்காகக் கிளம்பியது. விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பையன் பாஸாகிவிட்டான். ரிசல்ட் வந்த அன்று அக்கா கேசரி கிண்டிக்கொண்டு வந்தார். வந்தவர் போனையும் என் கையில் கொடுத்தார். மறுமுனையில் தம்பி, "நீங்க இல்லைன்னா கடைசிப் பேப்பர் போயிருக்கும்க்கா" என்றான். அந்தப் பாராட்டை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அக்கா எதிரில் நின்றுகொண்டிருக்கும்போதே நடந்ததையெல்லாம் போனில் சொல்லிவிட்டேன். என் அவசரத்தையும், பதிவாகவில்லை என்று சொன்ன பொய்யையும், கரண்டை நிறுத்திய மனிதரையும்.

அக்கா கேசரிக் கிண்ணத்தை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "போயிருந்தாலும் நான் திரும்ப வாசிச்சிருவேன்மா. அவனுக்குப் படிக்கத்தான் நாள் இருந்திருக்காது." திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தம்பி போனில் சிரித்தான். "நல்லவேளை சொன்னீங்க. இல்லைன்னா யாருக்கு நன்றி சொல்லணும்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த அண்ணனைப் பாத்தா நான் சொன்னேன்னு மறக்காம சொல்லிருங்கக்கா."

மறுநாளே புகார் அலுவலகத்துக்குப் போனேன். கான்ட்ராக்ட் மாறிவிட்டது, பழைய ஆட்கள் யாரும் இப்போது இல்லை என்றார்கள். கம்மாபுரத்துக்காரர், சைக்கிளில் வருவார் என்று சொன்னேன். கம்மாபுரத்திலிருந்து எத்தனையோ பேர் வருகிறார்களே என்றார் அங்கிருந்த எழுத்தர். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "பேர் சொல்லுங்க மேடம், விசாரிச்சுப் பார்க்கலாம்" என்றார். ஒரு மணி நேரம் என் வீட்டில் வேலை செய்தவரிடம், தண்ணீர் கொடுத்தபோதாவது, பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

அதற்குப் பிறகு கம்மாபுரம் பஸ்ஸிலும், ஷிஃப்ட் முடிந்து வரும் சைக்கிள் கூட்டத்திலும் அந்த முகத்தைத் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வேலைக்கு வந்தாலும் முதலில் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன். ஆனாலும், கண் தெரியாத ஒரு பையன் நம்பிக் கொடுத்தனுப்பிய அந்த நன்றி, உரியவரிடம் போய்ச் சேராமல் இன்றுவரை என்னிடமே இருக்கிறது.