எங்கேஜ்டு சத்தம்

வேலை நடுவே யாராவது கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாப்பிடக் கூப்பிட்டால்கூட எரிந்து விழுவேன். வீட்டில் கேலி செய்து பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். இதை ஒரு பெருமை மாதிரி நானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

தங்கையைக் குண்டலுபேட்டையில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை கை நீட்டுகிறவர். இரண்டு வருஷம் மறைத்தவள், அந்தத் தீபாவளிக்கு அம்மா வீட்டில் துணி மடித்துக்கொண்டே, இனி அங்கே இருக்க முடியாது என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

"ஒண்ணும் ரோசன பண்ணாத. பாப்பாவத் தூக்கிட்டு பஸ் ஏறு. மைசூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஒரு போன் போடு. பத்து நிமிசத்துல நா அங்க நிப்பேன்" என்றேன்.

அப்போதுதான் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். அவள் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. விலாசம் சொன்னாலும் அந்தச் சந்துகளில் கண்டுபிடிக்க முடியாது. புது போன் நம்பரை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள்.

அந்த நம்பர் எங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு கேஸ் ஏஜென்சியிடம் இருந்ததாம். சிலிண்டர் எப்போது வரும் என்று தினம் நாலு பேராவது கன்னடத்தில் அதட்டுவார்கள். ராங் நம்பர் என்று சொன்னால் அதற்கும் சண்டைக்கு வருவார்கள்.

நஞ்சன்கூட்டில் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. லீவு நாளில் ஏதாவது மாட்டிக்கொண்டால் வீட்டிலிருந்தே போன் லைன் வழியாக மில்லின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து சரிசெய்யட்டும் என்று மோடம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆயிற்று. மறுநாள் காலை கிளம்ப வேண்டிய லாரிகளின் லோடு பட்டியல் பாதியில் நின்றுவிட்டது. மனைவி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் போன் வயரை மோடத்தில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. வேகம் 28,800 என்று திரையில் வந்தது. பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே நின்றது. ஓர் எழுத்தைத் தட்டினால் அது வந்து சேர ஐந்து எண்ண வேண்டியிருந்தது. வேகம் பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. துண்டித்து மறுபடி டயல் செய்தேன். மறுபடியும் அதே கதை. படுக்கையறையில் இருந்த இன்னொரு போனைக் கழற்றினேன். வயரின் முனைகளைப் பிளேடால் சுரண்டி முறுக்கி மாட்டினேன். மேஜையையே இழுத்துச் சுவரோரம் போட்டுக் குட்டை வயராக மாற்றினேன். எதைச் செய்தாலும் சில நிமிஷம் ஒழுங்காக ஓடும், பிறகு திணறும். திணறிய நேரத்தையெல்லாம் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தேன். 10.20, 10.32, 10.35, 10.50, 11.05. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மில்லில் எனக்கு மூத்தவர் ஒருவர், மைசூர்க்காரர்; யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவார். அவர் வீட்டுக்குப் போன் செய்து நேரங்களை வாசித்தேன். கேட்டதுமே பிடித்துவிட்டார்.

"குரு, ஒன் லைன்ல கால் வெயிட்டிங் இருக்குல்ல? யாரோ ஒன்னக் கூப்டுட்டே இருக்காங்கப்பா. ஒவ்வொரு வாட்டியும் லைன்ல ஒரு பீப் விழும். மோடம் அதுல தடுமாறி ஸ்பீட எறக்கிக்கும். கூப்டறவங்களுக்கு ரிங் போறது கேக்கும், ஒனக்குத்தான் தெரியாது. ஒரு பத்து நிமிஷம் லைன சும்மா விட்டுப் பாரு, யாருன்னு தெரிஞ்சுரும்."

"யாரு, கேஸ் சிலிண்டர்காரங்கதான்" என்றேன்.

போனை வைத்த கையோடு கால் வெயிட்டிங்கை நிறுத்தும் எண்ணை அழுத்தினேன். இனி யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். அடுத்த டயலில் 33,600. ஒரு மணி வரை ஒரு திணறல் இல்லை. பட்டியல் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பாப்பாவின் காதுகுத்துக்குக் குண்டலுபேட்டை போனேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு தனியாக எனக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள் தங்கை. நெற்றியோரத்தில் புதிதாக ஒரு தழும்பு இருந்தது. ஏன் இன்னும் வரவில்லை என்று மெதுவாகக் கேட்டேன்.

"வந்தனுங்கண்ணா. ஒரு ஞாயித்துக்கெழம பாப்பாவயும் தூக்கிட்டு மைசூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன்."

அப்புறம் ஏன் போன் போடவில்லை என்று கேட்டேன்.

"அஞ்சாறு வாட்டி போன் போட்டேன். அடிச்சுட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. ஊட்ல இல்லையாட்ட இருக்குதுன்னு உக்காந்துட்டேன். பொறவு போட்டா எங்கேஜ்டு சத்தம். அப்பறம் எப்பப் போட்டாலும் எங்கேஜ்டுதான். செரி, ஊட்லதான் இருக்காங்க, ரிசீவர எடுத்துக் கீழ வெச்சுட்டாங்கன்னு நெனச்சேன். ஒரு மணி பஸ்ஸுல திரும்பிட்டேன். நஞ்சன்கூடு கோயிலுக்குப் போனேன்னு இங்க சொல்லிக்கிட்டேன்."

மோடம், பீப், வேகம் என்று எச்சில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். லைனில்தான் கோளாறு என்றேன். இப்போதே கிளம்பு, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள். அப்படி இன்னொரு தடவை கிளம்பத் தன்னால் முடியாது என்றாள். இன்றுவரை கிளம்பவில்லை.

பிறகு கேட்டாள். "அப்ப, யாரோ கூப்புடறாங்கன்னே உங்களுக்குத் தெரியாதுங்களாண்ணா?"

"தெரியாதும்மா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சாதம் வைத்தாள்.