தொரசானி கல்லிலிருந்து பதினோரு எட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெரியாயி அக்காவுக்கு ஒரு வெள்ளைக்காரச் சொந்தம் உண்டு என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் கேலி பண்ணுவோம். நானும் பண்ணியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் சொந்தம் ஒரு கல்லறை. பசறை ரோட்டிலிருந்து ஏறினால் மேல்மலையில் சப்பு என்கிற செண்பக மரத்தடியில் கருங்கல் ஒன்று நிற்கும். ‘ஹன்னா, 1871’ என்பது மட்டும்தான் அதில் படிக்கக் கிடைக்கிறது. தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்துத் துரை ஒருவரின் மனைவி என்பதால் எங்கள் ஆட்களுக்கு அது ‘தொரசானி கல்லு’.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. தனிக்கட்டை. வாய் நீளம், கை அதைவிட வேகம். கங்காணியே அவரிடம் அளந்துதான் பேசுவார். கல்லுக்குக் கீழே இருக்கும் நிரையில் வேறு யாரும் கொழுந்தெடுக்கக் கூடாது. மாற்றிப் போட்டால் அன்றைக்குக் கங்காணியின் பாடு திண்டாட்டம்தான். மாதம் ஒருமுறை லீவு நாளில் மேலே போய்ப் புல் பிடுங்கி, தேங்காய் மட்டையால் பாசி தேய்த்துவிட்டு வருவார். தீபாவளிக்கு அங்கே வடையும் ஒரு மூடி சாராயமும் வைப்பார்.

“சாராயம் எதுக்குக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வெள்ளக்காரங்களுக்கு அது இல்லாட்டி வடை எறங்குமா டீச்சர்?”

போன தை மாதம் அமெரிக்காவிலிருந்து கேரல் என்று ஓர் அம்மா வந்தார். எழுபது வயது, முழங்கால் வலி, கையில் ஒரு பெட்டி நிறையப் பழைய கடிதங்கள். ஹன்னா அவருடைய கொள்ளுப்பாட்டியின் தங்கையாம். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிப்பதால் மொழிபெயர்க்க என்னைப் பிடித்தார்கள். ஹன்னா யாழ்ப்பாணத்து மிஷனில் படிப்பிக்க வந்து, கோப்பித் துரையைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊவாவுக்கு வந்தவள். இருபத்தாறு வயதில் பிரசவத்தில் போய்விட்டாள். புருஷனின் விஸ்கிப் போத்தல்களைத் தோட்டத்தில் கவிழ்த்து ஊற்றினேன் என்று அக்காளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவம், நாற்பது வருஷமாக அவளுக்குப் போன சாராயம்!

கேரல் வந்தது அந்தக் கல்லை எடுத்துப்போக. அமெரிக்காவில் ஹன்னாவின் அக்காளின் கல்லறைக்குப் பக்கத்தில் தங்கையின் கல்லையும் நிறுத்த வேண்டுமாம். அனுமதிக் கடிதம்கூடக் கையில் இருந்தது. மறுநாள் காலை கடப்பாரையோடு ஆட்கள் வருவார்கள்.

நல்ல செய்திபோல ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். இனிப் பாசி தேய்க்கும் வேலை மிச்சம் என்றேன். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“தொரசானிய வேணும்னா கொண்டு போகட்டும். அவங்க ஆளு. கல்ல மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்லுங்க டீச்சர்.”

“என்னக்கா, அந்தக் கல்லு உங்க பரம்பரைச் சொத்தா?” என்று நான் எரிந்து விழுந்தேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“எனக்கு எட்டு வயசுல அம்மா செத்துப்போச்சு. அப்பெல்லாம் லயத்து ஆளுகள அந்தச் சரிவுலதான் பொதைப்பாங்க. அப்பா என்னையக் கூட்டிப்போய்க் காட்டுனாரு. தொரசானி கல்லுல இருந்து நேரா கீழ, பதினோரு எட்டு வச்சு எறங்கணும், மறந்துறாதேன்னாரு. பொறகு அந்த மலை பூரா தேயிலை வச்சுட்டாங்க. எங்க ஆளுக யாருக்கும் கல்லு இல்ல. எங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்ல. அந்தக் கல்லும் போயிட்டா எந்த எடத்துல இருந்து எண்ணுவேன்?”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பத்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு கேலி மட்டும் பண்ணியிருக்கிறேன்.

மறுநாள் காலை கடப்பாரை ஆட்களுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் கல்லடியில் நின்றோம். நான் எல்லாவற்றையும் கேரலிடம் சொன்னேன், சாராயம் உட்பட. சாராயத்துக்கு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.  அக்காவின் அம்மா கதையைக் கேட்டதும் கல்லைத் தடவ ஆரம்பித்தார்.

“அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்” என்றார் கடைசியில்.

அக்கா கல்லில் முதுகை ஒட்டி நின்று, அப்பாவின் காலுக்கு அளவாக எட்டி எட்டி வைத்து இறங்கினார். முழங்கால் வலியோடு கேரலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். பதினோராவது எட்டில் அக்கா ஒரு தேயிலைச் செடிக்கு முன்னால் நின்றார். மற்றச் செடிகளுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

“அம்மாவின் பெயர்?” என்று கேட்டார் கேரல்.

“ராமலட்சுமி.”

கேரல் அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பழகினார். ஹன்னாவுக்குக் கொண்டுவந்த பூக்களில் பாதியை அந்தச் செடியடியில் வைத்தார். பிறகு மேலே நின்ற ஆட்களைப் பார்த்து, கடப்பாரையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

அக்கா குனிந்து, செடியிலிருந்த ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

“அம்மா, ஒன்னையப் பாக்க ஆளு வந்திருக்காங்கம்மா” என்றார்.

என்ன சொன்னார் என்று கேரல் என்னிடம் கேட்டார். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை இங்கிலீஷில் சொன்னேன்.